பங்காளிக்குப் போகக் கூடாத கரண்ட்

மழையை நம்பிக் கெட்டவர்கள் எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். தக்காளியை நம்பிக் கெட்டவர்கள் அதைவிட அதிகம். ஆனால் வெயிலை நம்பிக் கெட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில், வீட்டு மேல் சோலார் தகடு போட்டு, கரண்ட் பில்லை மூன்று மடங்காக உயர்த்திக் காட்ட ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே இருந்தது. படிப்பு குறுக்கே வந்து அதைக் கெடுக்கவில்லை. (அஞ்சாவதோட நிறுத்திட்டேன். வாத்தியாரும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு.)

என் தொழில் பூ வண்டி. நல்லம்பள்ளிப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலை பறிக்கிற சாமந்தியையும் குண்டுமல்லியையும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போய் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, ஒன்பதரை பத்துக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவேன். அதற்கப்புறம் சாயங்காலம் வரை எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இந்தக் கதையில் நடந்த எல்லா அழிவுக்கும் அந்த ஓய்வு நேரம்தான் முதலீடு.

என் மனைவி சென்னம்மாவுக்கு ஓய்வு என்றால் என்னவென்று தெரியாது. காலையில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமையலுக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். வந்ததும் மகளிர் குழு. பன்னிரண்டு பெண்கள் இருக்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி. அவர்களுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. எங்கள் பக்கம் கேழ்வரகும் சாமையும் நன்றாக விளையும். ஆனால் சாமையை உமி நீக்கவும் கேழ்வரகை அரைக்கவும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓட வேண்டும். ஊரிலேயே ஒரு மில் போட்டால் என்ன? லோன் கிடைக்கும். கரண்ட் செலவுதான் பயம். "மாடி மேல சோலாரு போட்டு ஓட்டலாம்" என்றாள் சென்னம்மா. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் லோன். ஏழு பேர் சரி என்றார்கள். ஐந்து பேர் தயங்கினார்கள். அந்த ஐவருக்கும் வாய், குழுவின் கணக்கைப் பார்க்கிற காவேரி அக்கா.

"தகடு பில்லை கொறைக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எவளும் பில்லை காட்ட மாட்டேங்கறா" என்றார் காவேரி அக்கா.

"எங்க வூட்லயே போடறேன்" என்றாள் சென்னம்மா. "ரெண்டு மாசம் கழிச்சு உங்க எல்லார் முன்னாடியும் ரீடிங் எடுக்கச் சொல்றேன். கொறஞ்சுதுன்னா கையெழுத்து போடுங்க. கொறயலன்னா மில்லு பேச்சையும் வுட்டுர்றேன், தலைவி வேலையும் வுட்டுர்றேன்."

இப்படியாக, ஒரு பெண் தன் மரியாதை முழுவதையும் கொண்டுபோய் ஒரு மொட்டை மாடியில் வைத்தாள். அந்த மாடிக்குக் கீழே நான் குடியிருக்கிறேன் என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

மாசி பிறந்த கையோடு பொம்மிடியிலிருந்து தங்கவேலு என்பவர் ஆட்களோடு வந்து தகடுகளை மாட்டினார். பாதி மானியம், மீதி சென்னம்மாவின் சேமிப்பு. என் பங்கு, ஏணியைப் பிடித்தது. தங்கவேலு பொறுமையான மனிதர். எல்லாம் முடிந்தபின் எங்கள் இருவரையும் மாடியில் நிற்க வைத்து விளக்கினார்.

"இது பேட்டரி இல்லாததுங்க. பகல்ல வெயில் இருக்கறப்ப கரண்ட்டு வரும். வூட்ல அப்ப என்ன ஓடுதோ, மொதல்ல அதுக்குப் போவும். மிச்சம் வெளிய கம்பத்துக்குப் போயிரும்."

"கம்பத்துக்குப் போயி என்ன பண்ணும்?" என்றேன்.

"பக்கத்துல எந்த வூட்ல ஃபேன் ஓடுதோ அங்க போவும்ங்க. தண்ணி பள்ளத்தை பாத்துப் போற மாதிரி."

நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் கம்பத்திலிருந்து கிளம்புகிற அடுத்த ஒயர், வளையாமல் நெளியாமல் நேராக ஒரே ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த வூட்டுக்கா?"

"மொதல்ல அங்கதான் போவும்ங்க."

அது மாதேசன் வீடு.

மாதேசன் என் சித்தப்பா மகன். பங்காளி. ஐந்து வருடத்துக்கு முன் குலசாமிக்குக் கெடா வெட்டினோம். தலை மூத்தவனுக்கு என்பது எங்கள் வழக்கம். மூத்தவன் நான். ஆனால் கெடாவை வளர்த்தவன் அவன். "வளத்தவனுக்குத்தான் தலை" என்றான். கோயில் வாசலில் நாங்கள் வாதாடி முடிப்பதற்குள் ஒரு நாய் தலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சண்டையை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து பேச்சு கிடையாது. பேச்சு கிடையாது என்றால் நேராகக் கிடையாது. அவன் எனக்குச் சொல்ல வேண்டியதைத் தன் மாட்டிடம் சொல்வான். நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதை என் வண்டியிடம் சொல்வேன். மாடும் வண்டியும் எங்கள் இருவரையும்விடப் பொறுமைசாலிகள் என்பதால் ஐந்து வருடம் ஓடிவிட்டது.

தங்கவேலு அதற்கப்புறம்தான் முக்கியமானதைச் சொன்னாராம். வெளியே போகிற ஒவ்வொரு யூனிட்டையும் மீட்டர் எழுதி வைத்துக்கொள்ளும், ராத்திரி நாம் லைனிலிருந்து எடுப்பதில் அதைக் கழித்துவிடுவார்கள், ஆகவே வெளியே போகப் போக நமக்குத்தான் லாபம், பகலில் சிக்கனமாக இருங்கள் என்று. சென்னம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரு எழுத்தும் காதில் ஏறவில்லை. என் தகட்டில் விளைந்த கரண்ட்டில் மாதேசன் மல்லாந்து படுத்துக் காற்று வாங்குகிற காட்சி ஒன்று மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன். ஒரு சொட்டு கரண்ட் இந்த வீட்டைத் தாண்டக் கூடாது. விளைகிறதை விளைகிற இடத்திலேயே தின்று தீர்ப்பது.

மறுநாள் சென்னம்மா வேலைக்குப் போகும்போது, "பகல்ல கண்டதையும் போட்டு வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "நான் என்னா சின்னப் புள்ளையா" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினாள். (அந்தப் பார்வையும் ஒரு பதில்தான்னு அப்ப எனக்குத் தெரியல.)

வீட்டில் இருந்த மூன்று ஃபேனையும் போட்டேன். மூன்று அறையிலும் நான் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பதால், இரண்டு ஃபேன் காற்றைக் கட்டிலும் பீரோவும் வாங்கிக்கொண்டன. டிவி போட்டேன். அது போதாது என்று தோன்றியது. அயர்ன் பாக்ஸை எடுத்தேன். சட்டைகள் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. லுங்கிகளைத் தேய்த்தேன். துண்டுகளைத் தேய்த்தேன். வண்டி துடைக்கிற கந்தலைக்கூட மடிப்பு வைத்துத் தேய்த்தேன். அப்புறம் மோட்டாரைப் போட்டேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்ததும் குழாயை இழுத்துத் தெருவுக்குத் தண்ணீர் அடித்தேன். மாசி வெயிலில், மதியம் ஒரு மணிக்கு, ஹீட்டர் போட்டு வெந்நீரில் குளித்த ஒரே ஆள் அந்த வருடம் நானாகத்தான் இருப்பேன். குளித்துவிட்டு வந்து, வேர்க்கிறதே என்று மறுபடி ஃபேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாதேசன் வீட்டு ஃபேன் தெரியும். அயர்ன் பாக்ஸைச் சுவிட்ச் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன். அவன் ஃபேன் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும். அணைத்துவிட்டு ஓடினால் வேகம் பிடித்த மாதிரி இருக்கும். (ஒரு மாறுதலும் இல்லைன்னு பிற்பாடு தெரிஞ்சுது. ஓடி வந்ததுல எனக்குத்தான் தலை சுத்தியிருக்கு.)

சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் ஒரு எண் தெரியும். இன்றைக்கு வெயில் எவ்வளவு கரண்ட் கொடுத்தது என்று அது காட்டும். ஏழு, எட்டு என்று வரும். நான் எவ்வளவு தின்றேன் என்று அது காட்டாது. காட்டாத வரைக்கும் எனக்கும் அதற்கும் நல்ல சினேகம். சாயங்காலம் சென்னம்மா வந்து எட்டைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

"லுங்கிக்கு எதுக்குங்க மடிப்பு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"குழு தலைவி வூட்டுக்காரன் கசங்கலா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அன்று ராத்திரி குழம்பில் இரண்டு முட்டை கூடுதலாக இருந்தது.

ஒரு வாரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, தனியாள் ஒருவன் எவ்வளவுதான் தேய்க்க முடியும்? ஊரைக் கூப்பிட்டேன். "மாவு அரைக்கணுமா, நம்ம வூட்டுக்கு வாங்க. கரண்ட்டு சும்மா போவுது" என்று தெருவில் சொல்லி வைத்தேன். சொன்னதுதான் தாமதம். பத்து மணிக்கு அண்டாவும் அரிசியுமாக வரிசை. எங்கள் கிரைண்டரோடு இன்னும் இரண்டு கிரைண்டர்கள் இரவல் வந்து, கூடத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் சுற்றின. பள்ளிக்கூடத்து டீச்சர் தன் கரண்ட் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து சார்ஜில் போட்டார். கல்யாண வீட்டுப் பட்டுப்புடவை தேய்க்க மூன்று பேர் வந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் "நல்லா இருங்க மாமா" என்று வாழ்த்தினார்கள். குழுவில் கையெழுத்துப் போடத் தயங்குகிற ஐந்து பேரில் நான்கு பேர் என் வீட்டில்தான் அரைத்தார்கள். ஆகா, பிரசாரமும் ஆயிற்று என்று எனக்கு உள்ளூரப் பெருமை. மூன்று மணிக்குச் சென்னம்மா வருவதற்குள் இரவல் கிரைண்டர்களைத் திருப்பி அனுப்பி, கூடத்தைக் கழுவித் துடைத்துவிடுவேன்.

வெயில் கொடுப்பது ஒரு அளவு. அந்த அளவுக்கு மேல் எது ஓடினாலும் கம்பத்திலிருந்து விலைக்கு வாங்கித்தான் ஓடும். இந்தச் சின்ன விஷயம் ஐந்தாம் வகுப்பில் சொல்லித் தரவில்லை. ஆறாம் வகுப்பில் இருந்திருக்கலாம்.

மாதேசன் தெருவில் நின்று இந்தத் திருவிழாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் மதியம் ஊருக்கே கரண்ட் போய்விட்டது. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் இந்த வகை சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பாதுகாப்பாம். என் வீட்டில் மூன்று கிரைண்டரும் முனகிக்கொண்டு நின்றன. உச்சி வெயிலில், மாடி நிறையத் தகடுகளோடு, என் வீடு இருட்டு.

மாதேசன் மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தான். "ஏ லச்சுமி, பாத்தியா. ஒருத்தரு வூட்ல சூரியனுக்கு லீவு வுட்டுட்டாங்களாம்" என்றான்.

நான் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தபடி, "வண்டி, நீ கண்டுக்காத. ஓசி காத்து வாங்குறவங்க பேச்சு அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"ஓசியா?" என்று மாதேசன் என்னைப் பார்த்துவிட்டான். பிறகு சுதாரித்துக்கொண்டு மாட்டைப் பார்த்து, "ஓசியாமாடி லச்சுமி" என்றான். அவனுக்குப் புரியவில்லை. நடிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நடுவில் பொம்மிடியில் சென்னம்மாவின் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மூன்று நாள் போய்த்தான் ஆக வேண்டும். கிளம்பும்போது ஒரு ஃபேனையாவது ஓடவிட்டு வரலாம் என்று பின்தங்கினேன். சென்னம்மா திரும்பி வந்து எல்லாச் சுவிட்சையும் அவள் கையாலேயே அணைத்துப் பூட்டினாள். அந்த மூன்று நாளும் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. பந்தியில் கறிக்குழம்பு. மைத்துனர் கேட்டுக் கேட்டுப் போடுகிறார். எனக்கு இறங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒரு மேகம்கூட இல்லாத வானம்.

"என்னாங்க மச்சான், ஒடம்பு சரியில்லியா?" என்றார் மைத்துனர்.

"வெயிலு அதிகமா இருக்குது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் முடிந்தது. ரீடிங் எடுக்கிற தேதியை விசாரித்து வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலிலேயே குழுக் கூட்டம் போட்டாள் சென்னம்மா. பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மாதேசன் மனைவியும் குழுவில் இருக்கிறாள் என்பதால், அவளைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் மாதேசனும் வந்து வேலி ஓரம் நின்றான். மில் பற்றி விளக்கத் தங்கவேலுவையும் வரவழைத்திருந்தாள். எல்லோருக்கும் டீ. நான்தான் ஊற்றினேன், மடிப்புக் கலையாத லுங்கியில்.

ரீடிங் எடுக்கிறவர் வந்தார். இத்தனை பேர் எதிர்பார்த்துக் காத்திருப்பதை அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்திருக்க மாட்டார். கொஞ்சம் பயந்த மாதிரிதான் மீட்டர் பக்கம் போனார்.

"ரெண்டு ரீடிங்குங்க" என்றார். "ஒண்ணு நீங்க வெளிய குடுத்தது. ஒண்ணு நீங்க வாங்குனது."

"குடுத்தத மொதல்ல சத்தமா சொல்லுங்க சார்" என்றாள் சென்னம்மா. குழு நோட்டு கையில் திறந்திருந்தது.

"இருபத்தி மூணு."

"இருநூத்தி மூணா?"

"இருபத்தி மூணுங்கம்மா."

சென்னம்மா பேனாவை நோட்டில் வைக்கவில்லை. "வாங்குனது?"

"ஐநூத்தி அறுபது. கழிச்சாலும் ஐநூறைத் தாண்டுது. தாண்டிட்டா ரேட்டே வேறங்க." கையிலிருந்த கருவியைத் தட்டினார். "ரெண்டாயிரத்து நானூத்தி சொச்சம் வருதுங்க."

தகடு போடுவதற்கு முன் நாங்கள் எழுநூறு ரூபாய்ச் சுற்றில் கட்டிக்கொண்டிருந்தோம். அது அந்த வாசலில் இருந்த எல்லோருக்கும் தெரியும், சென்னம்மாவே சொல்லியிருந்தாள்.

காவேரி அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"சென்னா, தப்பா எடுத்துக்காத. தகடு பில்லை ஏத்துதுன்னா, மில்லுக்குப் போட்டா நம்ம நெலமை என்னா ஆவறது?"

சென்னம்மா தங்கவேலுவைப் பார்த்தாள். அவர் மாடியைப் பார்த்தார். அவள் அழவில்லை, கோபப்படவில்லை. நோட்டை மெதுவாக மூடி, அதன் மேல் பேனாவைக் குறுக்கே வைத்து, காவேரி அக்கா பக்கம் நகர்த்தினாள். "சொன்ன சொல்லு சொன்னதுதாங்க்கா. இனிமே நீங்களே பாத்துக்குங்க" என்றாள்.

நான் எவ்வளவோ அடிகளை வாங்கியவன். வாத்தியார் அடித்திருக்கிறார், மார்க்கெட்டில் மூட்டை தலையில் விழுந்திருக்கிறது. அந்த நோட்டு பெஞ்சில் நகர்ந்த சத்தம்போல எதுவும் வலித்ததில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"தகடு மேல தப்பு இல்ல. நான்தான் தின்னு தீத்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னாத்த தின்னீங்க?" என்றாள் சென்னம்மா.

"கரண்ட்ட."

அப்புறம் சொன்னேன். மூன்று ஃபேன், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், தெருவுக்கு அடித்த தண்ணீர், கூடத்தில் ஓடிய மூன்று கிரைண்டர். நான் சொல்லச் சொல்லத் தங்கவேலு தலையில் கை வைத்துக்கொண்டார். அரைக்க வந்த நான்கு பேரும் புடவைத் தலைப்பைச் சரி செய்தபடி தரையைப் பார்த்தார்கள்.

"நீங்கதான மாமா கூப்புட்டீங்க" என்றாள் ஒருத்தி.

"பகல்ல எதையும் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னனே" என்றாள் சென்னம்மா. "ஏன் போட்டீங்க?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு நிறையப் பொய் தெரியும். அன்று ஒன்றும் கைக்கு வரவில்லை.

"மிச்சம் கரண்ட்டு பக்கத்து வூட்டுக்குப் போவும்னு சொன்னாரு. பக்கத்து வூடு மாதேசன் வூடு. அவன் காத்து வாங்கிருவானேன்னுதான்."

வேலி ஓரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாதேசன். சிரிக்கிறானா இருமுகிறானா என்று தெரியவில்லை. இரண்டடி முன்னால் வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். மாடு பக்கத்தில் இல்லை. வேறு வழியில்லாமல் என்னிடமே பேசினான்.

"அண்ணா, எங்க வூட்ல இருக்கறது ஒரு ஃபேனு, ரெண்டு லைட்டு, ஒரு டிவி. நூறு யூனிட்ட நாங்க தாண்டுனதே இல்ல. நூறு யூனிட்டு வரைக்கும் யாருக்கும் பில்லே கெடையாது. உன் கரண்ட்டு வந்தாலும் எனக்கு பூஜ்ஜியந்தான், வராட்டியும் பூஜ்ஜியந்தான். அதுக்காவா அண்ணியோட மில்லயே கவுத்த?"

ஐந்து வருடம் கழித்து அவன் என்னை அண்ணா என்று கூப்பிட்டது அன்றுதான். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை.

காவேரி அக்கா மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். கணக்கு பார்க்கிற பெண்மணி, ஒரு எண் கிடைத்தால் அதை லேசில் விடமாட்டார். "இரு இரு. இவரு ஒரு பொட்டு வெளிய வுடலன்னா, அந்த இருபத்தி மூணு எப்பிடி போச்சு?"

தங்கவேலு நிமிர்ந்தார். "ஒரு நாளைக்கு ஏழெட்டு யூனிட்டு வருங்க. ஏதாவது மூணு நாளு வூடு பூட்டியிருந்துதா?"

"பொம்மிடிக்குப் போனம்" என்றாள் சென்னம்மா. "சரியா மூணு நாளு."

காவேரி அக்கா விரல் விட்டு எண்ணினார். "இந்தாளு வூட்ல இல்லாத மூணு நாள்ல இருபத்தி மூணு. அறுபது நாளும் இல்லாம இருந்திருந்தா?"

"நானூத்தி அம்பதுக்கு மேல போயிருக்குங்க" என்றார் தங்கவேலு. "உங்களுக்கு ராத்திரி செலவெல்லாம் கழிஞ்சு, மீதி கணக்குல நின்னிருக்கும்."

முதலில் சிரித்தது மாதேசன் மனைவி. அப்புறம் அரைக்க வந்த நால்வர். அப்புறம் வாசலே சிரித்தது. ரீடிங் எடுக்கிறவர்கூட, அடுத்த வீட்டுக்குப் போகாமல் நின்று சிரித்தார்.

"அப்ப தகடு நல்லாத்தான் வேல செய்யுது" என்றார் காவேரி அக்கா. "வூட்டுக்காரருதான் ரிப்பேரு."

"மில்லுக்கு இந்தத் தொல்லையே இல்லீங்க" என்று தங்கவேலு சந்தடி சாக்கில் ஆரம்பித்தார். "வூட்டுக்குச் செலவு ராத்திரில, வெயிலு பகல்ல. அதனால வெளிய குடுத்துத் திருப்பி வாங்கிக்கணும். மில்லு ஓடறதே பகல்லதான். வெயிலு வர்றப்ப அரைப்பீங்க, வர்ற அளவுக்கு அரைப்பீங்க. போட்ட காசு சீக்கிரம் திரும்பிரும்."

"அது இருக்கட்டும்" என்றார் காவேரி அக்கா. "மில்லு பக்கம் இவரு வர மாட்டாருல்ல?"

நோட்டை சென்னம்மா பக்கமே திருப்பித் தள்ளினார். தானே முதல் கையெழுத்தைப் போட்டார். மற்ற நால்வரும் வரிசையாகப் போட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. தீர்மானம் ஒன்று எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல, சென்னம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்: "தலைவியின் கணவர் பகல் பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை, வெயில் அடிக்கும் நாட்களில், வீட்டில் தங்குவதில்லை எனக் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது." அதன் கீழ் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். சாட்சிக் கையெழுத்து மாதேசன். தன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று இன்றும் சொல்கிறான்.

அடுத்த பில்லில் கட்டும்படி ஒன்றும் இல்லை. மில்லும் வந்துவிட்டது. வெயில் ஏற ஏறச் சாமையை அரைத்துத் தள்ளுகிறார்கள். மூட்டை ஏற்றிக்கொண்டு போக என் வண்டிக்கு வாடகை தருகிறார்கள். ஆனால் வண்டி வாசலில் நின்றதும் யாராவது ஒருத்தி வந்து, "மாமா, நீங்க எறங்காதீங்க, நாங்களே ஏத்திக்கறோம்" என்று சொல்லிவிடுவாள். மில்லின் சுவிட்ச் போர்டு எந்தச் சுவரில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் பழைய தீர்மானங்களை வாசிக்கிறபோது அதையும் விடாமல் வாசிக்கிறார்கள். எங்கள் மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "அங்க வெயிலாம்மா? அப்பா வெளியதான?" என்றுதான் கேட்பாள். பகல் பொழுதை நான் பெரும்பாலும் மாதேசன் வீட்டில் கழிக்கிறேன். அவன் மனைவி நன்றாகச் சமைப்பாள் என்பது ஐந்து வருடமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டது. (கெடாத்தலை விஷயம் மட்டும் இன்னும் முடியல. பேச்சு வார்த்தை நடக்குது.)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. சென்னம்மா.

"மேகம் கட்டியிருக்குதுங்க. வூட்டுக்கு வாங்க, சோறு போடறேன்."

ஓடினேன். வானம் நன்றாகக் கறுத்திருந்தது. இலை நிறைய சோறு, கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் சென்னம்மா. பகல் நேரத்தில் என் வீட்டுக் கூடம் இவ்வளவு அழகாக இருக்கும் என்பதே மறந்துவிட்டது. பிசைந்து முதல் வாய் எடுத்து வைக்கப் போகிறேன், வாசலில் பளிச்சென்று வெயில் விழுந்தது.

சென்னம்மா வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு தட்டு எடுத்து வந்து, இலையை அப்படியே தூக்கி அதில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

"போயி வண்டில உக்காந்து சாப்புடுங்க" என்றாள்.